ஒரு ஜிபி நினைவகத்தில் ஒரு தமிழ் நூற்பட்டியல்: அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றித் தர ஒப்புக்கொண்டபோது கையில் இருந்தவை, ஒரு ஜிபி நினைவகம் கொண்ட வாடகைச் சர்வர் ஒன்றும், எக்செல் கோப்பில் தட்டச்சு செய்து வைத்திருந்த சில ஆயிரம் நூல்களின் விவரங்களும்தான். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றைக் கொண்டு தேட ஒரு பக்கம், பொறுப்பாளர் புதிய நூல்களைச் சேர்க்க ஒரு பக்கம், அட்டைப் படங்களை ஏற்ற ஒரு வசதி, இவ்வளவே தேவை. இதற்கு நான் தேர்ந்துகொண்டது லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வலைச் சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி என்னும் பழைய கூட்டணியை.

அப்பாச்சி, மரியாடிபியின் முன்னோடியான மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகிய மூன்றுமே 1995-இல் பிறந்தவை. மைஎஸ்கியூஎல் 2008-இல் சன் நிறுவனத்திடமும், பிறகு சன் நிறுவனத்தோடு சேர்ந்து 2010-இல் ஆரக்கிளிடமும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கைமாற்றத்தின் நடுவே 2009-இல் அதன் மூல ஆசிரியர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் பிரித்தெடுத்துத் தொடங்கியதே மரியாடிபி. தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் பிஎச்பியில் எழுதப்பட்ட மீடியாவிக்கியில்தான். அதன் தரவுகள் இருப்பதும் மரியாடிபியில்தான். இவ்வளவு காலம் அடிபட்ட மென்பொருள்களில் ஒரு பிழைச்செய்தி வந்தால், அதே செய்தியை முன்பே சந்தித்துத் தீர்வு எழுதி வைத்தவர் எங்கோ ஒருவர் இருப்பார். எனக்குப் பிறகு இந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கணினித் துறைக்காரராக இருக்க வேண்டியதில்லை என்பதால், புதுமையைவிட இந்த வசதியே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஒரே கட்டளையில் அனைத்தையும் நிறுவித் தரும் ஸ்கிரிப்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் தொடுவதில்லை. நிறுவுவது எப்படியும் சில நிமிடங்களில் முடிகிற காரியம். இந்த நான்கும் ஒன்றோடொன்று எந்த வழியாகப் பேசிக்கொள்கின்றன, எது எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது, எதற்கு எவ்வளவு நினைவகம் என்பவற்றை முடிவு செய்வதே உண்மையான வேலை. அந்த முடிவுகளை ஸ்கிரிப்டிடம் விட்டுவிட்டால், பின்னாளில் ஏதேனும் உடையும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே தெரியாமல் போகும்.

இயங்குதளமாக லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 12-ஐ நிறுவினேன். அதன் அதிகாரபூர்வத் தொகுப்புகளில் பிஎச்பி 8.2, மரியாடிபி 10.11, அப்பாச்சி 2.4 ஆகியவை வருகின்றன. இவற்றைவிடப் புதியவை வேண்டுமென்று வெளிக் களஞ்சியங்களைச் சேர்ப்பதால் இத்தகைய தளத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இரண்டு இடங்களை எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்தான் மிஞ்சும். முதலில், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவி வழியாக மட்டுமே உள்ளே வர முடியும்படி செய்து, கடவுச்சொல் வழி நுழைவையும் ரூட் நுழைவையும் மூடினேன். அடுத்து யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை நிறுவி, எஸ்எஸ்எச்சுக்கான 22, இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகளை மட்டும் திறந்தேன். இதில் வரிசை முக்கியம்: 22-ஐ அனுமதிக்கும் விதியை எழுதிய பிறகே ஃபயர்வாலை இயக்க வேண்டும், மாற்றிச் செய்தால் சர்வரின் கதவு நமக்கே சாத்தப்பட்டுவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்படும்படி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தொகுப்பையும் இயக்கி வைத்தேன்.

அப்பாச்சியை நிறுவியவுடன் உலாவியில் அதன் வரவேற்புப் பக்கம் தெரியும். டெபியனில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கோப்பை சைட்ஸ் அவெய்லபிள் அடைவில் எழுதி, ஏ2என்சைட் கட்டளையால் அதை உயிர்ப்பிக்கும் முறை இருக்கிறது. முதன்மை அமைப்புக் கோப்பில் கை வைக்கவே தேவையில்லை. தளத்தின் கோப்பில் சர்வர்நேம், டாக்குமெண்ட்ரூட், பதிவுக் கோப்புகளின் இடம் ஆகியவற்றை எழுதினேன். அடைவின் உள்ளடக்கத்தைப் பட்டியலாகக் காட்டும் இண்டெக்ஸஸ் வசதியை அணைத்தேன். அடைவுகளுக்குள்ளேயே வைக்கப்படும் அமைப்புக் கோப்புகளான எச்டிஆக்சஸ் கோப்புகளை அப்பாச்சி படிக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அலவ்ஓவர்ரைடு, டெபியனில் இயல்பாகவே ‘நன்’ என்று இருக்கும். வேர்ட்பிரஸ் நிறுவியவர்கள் முகப்புப் பக்கம் திறக்கிறது, உட்பக்கங்கள் எல்லாம் 404 என்கின்றன என்று முறையிடுவதற்குப் பெரும்பாலும் இதுவும், முகவரிகளை மாற்றியெழுதும் ரீரைட் மாட்யூல் என்ற துணைப்பகுதி இயக்கப்படாததுமே காரணம். என் தளத்தின் ரீரைட் விதிகளைத் தளக் கோப்பிலேயே எழுதிவிட்டதால் அந்த அமைப்பை நான் மாற்றவில்லை.

பிஎச்பியை அப்பாச்சியோடு இணைப்பதில் இரண்டு வழிகள் உண்டு, ஒரு ஜிபி சர்வரின் தலையெழுத்து அங்கேதான் தீர்மானமாகிறது. டெபியனில் பிஎச்பி என்ற பெயருள்ள தொகுப்பை நேரடியாக நிறுவச் சொன்னால், அது மோட் பிஎச்பி என்ற அப்பாச்சி மாட்யூலையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த மாட்யூலுக்காக அப்பாச்சி, சில பிராசஸுகளே (ஓடும் நிரல்களே) பல இணைப்புகளைக் கவனிக்கும் தன் ஈவென்ட் முறையை விட்டு ப்ரீஃபோர்க் முறைக்கு மாறிக்கொள்ளும். ப்ரீஃபோர்க்கில் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு தனிப் பிராசஸ் கவனிக்கிறது, ஒவ்வொரு பிராசஸும் பிஎச்பியை முழுதாகச் சுமந்து நிற்கிறது. ஒரு சிறு அட்டைப் படத்தை எடுத்துக் கொடுக்க வரும் பிராசஸுக்கும் அதே சுமைதான். டெபியனில் ப்ரீஃபோர்க்கின் உச்ச வரம்பு 150. ஒரு பிராசஸுக்கு 40 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் 150 பிராசஸுகளுக்கு 6 ஜிபி ஆகிறது. நம்மிடம் இருப்பதோ ஒன்று.

இந்தக் கணக்கு தவறும்போது வெளியே தெரியும் அறிகுறி ஆளைத் திசைதிருப்பக்கூடியது. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் பிராசஸைத் தேடிக் கொல்லும். அப்பாச்சியின் பிராசஸுகள் தனித்தனியே சிறியவை. தரவுத்தளம் ஒரே பெரிய பிராசஸ். ஆகவே பலியாவது பெரும்பாலும் மரியாடிபிதான். தளத்தைத் திறந்தவருக்கு ‘தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை’ என்ற செய்தி வரும், அவரும் தரவுத்தளத்தின் அமைப்புகளைப் புரட்டத் தொடங்குவார். கெர்னலின் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியைப் பார்த்த பிறகே, கொலை செய்யப்பட்டவர் வேறு, காரணமானவர் வேறு என்பது புரியும்.

ஆகையால் நான் பிஎச்பி எஃப்பிஎம் வழியைக் கொண்டேன். இதில் பிஎச்பி தனிச் சேவையாக ஓடுகிறது. அப்பாச்சி ஈவென்ட் முறையிலேயே நின்று படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் தானே கொடுத்துவிட்டு, பிஎச்பி கோப்புகளுக்கான கோரிக்கைகளை மட்டும் ப்ராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூல் வழியாக ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டில், அதாவது ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலில், ஒப்படைக்கிறது. எஃப்பிஎம் தொகுப்பைப் பெயர் சொல்லி நிறுவி, அந்த மாட்யூலையும் டெபியன் உடன் தரும் எஃப்பிஎம் இணைப்புக் கோப்பையும் இயக்கினால் போதும். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி பிராசஸுகள் இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மேக்ஸ் சில்ட்ரன் டெபியனில் 5 என்று வருகிறது. பலரும் இதை உடனே உயர்த்தச் சொல்கிறார்கள். நான் 5-ஐயே வைத்திருக்கிறேன். ஐந்தும் வேலையில் இருந்தால் ஆறாவது கோரிக்கை வரிசையில் சற்றே காத்திருக்கும், அவ்வளவுதான். நூற்பட்டியல் தேடல் ஒன்றுக்கு ஆகும் சொற்ப நேரத்தில் அந்தக் காத்திருப்பை யாரும் உணரப்போவதில்லை. வரம்பைத் தொட்டால் எஃப்பிஎம் தன் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். அது அடிக்கடி தென்பட்டால் அப்போது உயர்த்திக்கொள்ளலாம்.

மரியாடிபியின் முதன்மை நினைவகப் பகுதியான இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி. சில ஆயிரம் நூல்களுக்கு அதுவே தாராளம். டெபியனில் மரியாடிபியின் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. சர்வரின் ரூட் பயனராக இருப்பவரை மட்டுமே யூனிக்ஸ் சாக்கெட் வழியாக உள்ளே விடும். இதைக் குறை என்று நினைத்துக் கடவுச்சொல் முறைக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இருப்பதே கூடுதல் பாதுகாப்பானது. தரவுத்தளம் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே செவிசாய்க்கிறது, 3306 போர்ட்டு வெளியே திறக்கப்படவில்லை. வீட்டுக் கணினியிலிருந்து பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்எச் சுரங்கம் போதும். உலாவியிலிருந்தே தரவுத்தளத்தை நிர்வகிக்க உதவும் பிஎச்பிமைஅட்மினை நிறுவவில்லை, அது இருக்கிறதா என்று தேடி வரும் தானியங்கி நிரல்களின் வரவு எந்தச் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தாலும் தெரியும்.

பயனர் கணக்குகள் இரண்டு உருவாக்கினேன். தேடல் பக்கம் பயன்படுத்தும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் உண்டு. பொறுப்பாளரின் பக்கத்துக்கான கணக்கு சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம், ஆனால் அட்டவணையின் அமைப்பை மாற்ற முடியாது. இரண்டு பக்கங்களும் ஒரே எஃப்பிஎம் பூலில் (பிராசஸ் தொகுதியில்) ஓடுவதால் இந்தப் பிரிவினை முழுமையானது அல்ல. ஆயினும் தேடல் பெட்டியின் வழியே எவரேனும் எஸ்கியூஎல் வரிகளைத் திணிக்க முயன்றால் அழிக்க எதுவும் அகப்படாது. அப்படித் திணிக்க முடியாதபடி எல்லாக் கேள்விகளையும், பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு வசதியான பிடிஓவில், கட்டளையையும் பயனர் தந்த சொல்லையும் பிரித்தே அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்டுகளாகவே எழுதியிருக்கிறேன் என்பது வேறு. இணையத்தில் இன்னும் உலவும் பழைய பாடங்களில் வரும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் முதலான செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. அந்தப் பாடங்களைக் கண்டால் தேதியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னவை எந்த மொழித் தளத்துக்கும் பொருந்தும். தமிழ் நூற்பட்டியல் என்று வரும்போது சேரும் வேலையைத்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் தொடுவதே இல்லை.

முதலாவது குறியாக்கம். தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப் 8-இல் மூன்று பைட்டுகள் எடுக்கும். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. தரவுத்தளத்துக்கும் பிஎச்பிக்கும் இடையிலான இணைப்பில் குறியாக்கம் பொருந்தாமல் போனால், தலையில் கோடு போட்ட ரோமன் ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும் குப்பையாகத் தமிழ் தெரிவதற்கு இந்த 224-உம் 174-உம்தான் காரணம். அட்டவணையின் குறியாக்கம், இணைப்பின் குறியாக்கம், பக்கத்தின் குறியாக்கம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பிடிஓ இணைப்பு வரியிலேயே யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதிவிடுவது இரண்டாவதைத் தீர்க்கும். எம்பி4 இல்லாத பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்டுகளோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும் என்பது உண்மையே. ஆனால் எமோஜிகளும், 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்க்கப்பட்ட மா, காணி, முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்டுகள் கேட்பவை. டெபியனின் மரியாடிபி இயல்பாகவே எம்பி4-ஐத்தான் தருகிறது. சிக்கல் பழைய தரவுத்தளங்களிலிருந்து இறக்குமதி செய்யும்போதுதான் எழும்.

இரண்டாவது நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லை, பைட்டுகளை எண்ணும் பிஎச்பியின் ஸ்டிர்லென் 15 என்று அளக்கும். யூனிகோட் குறிகளை எண்ணும் எம்பி ஸ்டிர்லென் 5 என்னும். கிராஃபீம் ஸ்டிர்லென் மட்டுமே நாம் எண்ணுவதுபோல 3 என்று சொல்லும். நீளமான தலைப்புகளைப் பட்டியலில் சுருக்கிக் காட்ட முதலாவதன் இனத்தைச் சேர்ந்த சப்ஸ்டிரிங்கைப் பயன்படுத்தினால் எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறி தோன்றும். இரண்டாவதன் இனத்தைப் பயன்படுத்தினால் எழுத்து உடையாது, ஆனால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். ஆகவே கிராஃபீம் வகைச் செயற்கூறுகளே தமிழுக்கு உரியவை. அவை இன்டல் என்ற நீட்சியில் இருக்கின்றன. டெபியனில் எம்பிஸ்டிரிங், இன்டல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு நிறுவ வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே வரும்படியும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. பலர் பல விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த எங்கள் எக்செல் கோப்பில் இரண்டு வகையும் கலந்தே இருந்தன. இன்டல் நீட்சியில் உள்ள நார்மலைசர், இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். நூலைச் சேர்க்கும்போதும், தேடுகிறவர் தட்டச்சு செய்த சொல்லை வாங்கும்போதும் இரண்டு இடத்திலும் அதை ஓட்ட வேண்டும். ஔகார உயிர்மெய்தான் அடங்காதது. ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் ‘கெ’ போட்டு ளகரத்தை அடுத்துத் தட்டி ‘கெள’ என்று வைத்துவிடுகிறவர்கள் அதிகம். அங்கே இருப்பது உண்மையான ளகரமே என்பதால் எந்த நார்மலைசரும் அதைத் தொடாது. கௌதமன், மௌனம், பௌத்தம் போன்ற சொற்களைத் தேடி எடுத்துக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவதாக அகரவரிசை, நூற்பட்டியலுக்கு இதுதான் உயிர். டெபியன் மரியாடிபியின் இயல்பான ஒப்பீட்டு முறையான ஜெனரல் சிஐ, தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களின்படியே வரிசைப்படுத்துகிறது. அந்த எண் வரிசையில் லகரத்தை அடுத்து ளகரம், ழகரம், அதன் பின்னரே வகரம். நம் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள. ஆகவே ‘கவிதை’க்கு முன்னால் ‘கழனி’ வந்து நிற்கிறது. புள்ளிக்கு எண் வரிசையில் கடைசிப் பக்கத்தில் இடம் என்பதால், ‘பக்தி’க்கு முன்னால் ‘பகல்’ வருகிறது. அகராதி புரட்டிப் பழகிய எவருக்கும் இது உறுத்தும். படிப்பகத்துக்கு வருகிறவர்களில் பலர் பழைய அச்சுப் பட்டியலை விரல் வைத்துத் தேடிப் பழகியவர்கள். வரிசை பிசகிய பட்டியலில் நூல் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு செய்துவிடுவார்கள்.

இன்டல் நீட்சியின் கொலேட்டருக்குத் தமிழ் என்று மொழியைச் சொல்லிவிட்டால் அது நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்தும். ஆனால் ஒரு பக்கத்தில் ஐம்பது நூல்களைக் காட்ட, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான தலைப்புகளை பிஎச்பிக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்துவது வீண். அதே கொலேட்டரிடம் ஒரு தலைப்புக்கான வரிசைத் திறவைக் கேட்டால் பைட்டுகளின் ஒரு கோவையைத் தரும். அந்தக் கோவைகளைச் சாதாரண பைட் ஒப்பீட்டில் வரிசைப்படுத்தினாலே தமிழ் அகரவரிசை கிடைத்துவிடும். அதை, பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும் வார்பைனரி வகையில் தனி நெடுவரிசையாகச் சேமித்து, அதன் மேல் ஒரு இண்டெக்ஸும் போட்டுவிட்டேன். நூலைச் சேர்க்கும்போது ஒருமுறை கணக்கிட்டால் போதும். பிறகு வரிசைப்படுத்தும் வேலை முழுவதும் தரவுத்தளத்துடையது. இந்த முழு அமைப்பிலும் எனக்கு மிகுந்த நிறைவளித்த பகுதி இதுவே.

கோப்புகளின் உரிமை பற்றி ஒரு சொல். எஃப்பிஎம் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ டேட்டா என்ற பயனராக. நிரல் கோப்புகள் அந்தப் பயனருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. அது படித்தால் போதும். எழுதும் உரிமை அட்டைப் படங்கள் சேரும் ஒரே அடைவுக்கு மட்டும், அந்த அடைவுக்குள் பிஎச்பி ஓடாதபடியும் தளக் கோப்பில் தடுத்திருக்கிறேன். அனுமதிச் சிக்கல் எது வந்தாலும் எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777-ஐக் கொடுத்துவிடு என்று சொல்பவர்களின் ஆலோசனை, பூட்டு சிக்குகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்றது. அட்டைப் படம் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் பிஎச்பி அமைப்புக் கோப்பு: ஏற்றும் கோப்பின் உச்ச அளவு இயல்பாக 2 எம்பிதான், இன்றைய கைப்பேசிப் படங்கள் அதைத் தாண்டிவிடும். டெபியனில் கட்டளை வரிக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று என அமைப்புக் கோப்பு தனித்தனியே இருக்கும். திருத்த வேண்டியது எஃப்பிஎம்முடையது, திருத்திய பின் அந்தச் சேவையை மறுபடி ஏற்றவும் வேண்டும். சோதனைக்காக எழுதும், பிஎச்பியின் அமைப்புகள் அனைத்தையும் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ கோப்பைச் சோதனை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. செர்ட்பாட் நிரல் அதை வாங்கி அப்பாச்சியில் பொருத்தி, 90 நாள் ஆயுள் முடிவதற்குள் தானே புதுப்பிக்கவும் செய்யும். அதற்காக 80 போர்ட்டு திறந்தே இருக்க வேண்டும்.

காப்புப் பிரதிக்கு, இரவில், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் வழியாக, தரவுத்தளத்தைப் படியெடுக்கும் மரியாடிபி டம்ப் ஓடுகிறது. சிங்கிள் டிரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அட்டவணைகளைப் பூட்டாமலேயே ஒரு கணத்தின் சீரான படியை எடுத்துவிடும். அந்தக் கோப்பும் அட்டைப் படங்களும் சர்வருக்கு வெளியே வேறோர் இடத்துக்கு நகலெடுக்கப்படுகின்றன. அந்தப் படியை வீட்டுக் கணினியில் ஏற்றித் தமிழ்த் தலைப்புகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அதைக் காப்பு என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வெளிவந்துவிட்டது. அதில் பிஎச்பி 8.4, மரியாடிபி 11.8. மாறும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. எஃப்பிஎம் சாக்கெட்டின் பெயரிலேயே பிஎச்பியின் பதிப்பு எண் இருப்பதால், பழைய இணைப்புக் கோப்பை அணைத்துப் புதியதை இயக்காவிட்டால் தளம் 503 பிழை காட்டும். மற்றது, கொலேட்டருக்கு அடியில் இருக்கும் ஐசியு மென்பொருளின் பதிப்பும் மாறுவதால், பழைய வரிசைத் திறவுகளும் புதியவையும் ஒன்றோடொன்று பொருந்துமென்ற உறுதி கிடையாது. எல்லா நூல்களுக்கும் வரிசைத் திறவை மறுபடி கணக்கிடும் ஒரு சிறு பிஎச்பி நிரலை எழுதி, அதை எப்போது ஓட்ட வேண்டும் என்ற குறிப்போடு சர்வரிலேயே வைத்திருக்கிறேன்.